பிடித்துப்போன நரகமும் ஒட்டாத சொர்க்கமும்

ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'ஐலேண்ட்' நாவல் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்ன நாளிலிருந்து நண்பர் ஒருவர் என்னை விடுவதாக இல்லை. வாழ்க்கையின் மிக மோசமான ஒரு காலத்தில் அந்தப் புத்தகம்தான் அவரைத் தாங்கிப் பிடித்தது. அதனால் அதைக் குறை சொல்லும்போது நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வது வழக்கம். அவருக்கு அந்தத் தயவெல்லாம் கிடையாது. "இதே மனிதர் எழுதிய 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறீர்கள். மனிதர்களைப் போத்தலில் வளர்த்தெடுக்கும் உலகம் உங்களுக்கு இனிக்கிறது. மனிதர்கள் ஒழுங்காக, அன்பாக வாழும் உலகத்தைக் காட்டினால் கொட்டாவி விடுகிறீர்கள். நரகத்தில் உங்களுக்கு அப்படி என்ன ருசி?" என்று கேட்டார். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை. இரண்டு நாவல்களையும் மறுபடி எடுத்து, ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் படிக்க வேண்டியதாயிற்று.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு. சிக்கல் இருந்தால்தான் கதை, எல்லாம் சரியாக இருக்கும் ஊரில் எழுத என்ன இருக்கிறது, ஆகவே லட்சிய உலகத்தைக் காட்டும் உட்டோபியா நாவல்கள் சப்பென்றுதான் இருக்கும் என்பார்கள். 'ஐலேண்ட்' விஷயத்தில் இது செல்லாது. அந்த நாவலில் சிக்கலுக்கா பஞ்சம்? பாலா என்ற அந்தத் தீவின் அடியில் எண்ணெய் இருக்கிறது. அதன்மேல் கண் வைத்திருக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். பக்கத்து நாடான ரெண்டாங்கில் கர்னல் டிபா என்ற ராணுவச் சர்வாதிகாரி காத்திருக்கிறான். அவனோடு ரகசியமாகக் கைகோத்திருப்பவன் பாலாவின் இளவரசன். அவன் பெயர் முருகன் (தமிழ் வாசகருக்கு இந்தப் பெயர் அந்த இடத்தில் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்). ஆன்மிகம் பேசியே ஆளை மூச்சுமுட்ட வைக்கும் அவனுடைய தாய் ஒருத்தி இருக்கிறாள். கதைநாயகன் வில் ஃபார்னபி ஓர் எண்ணெய் முதலாளியின் பத்திரிகையில் வேலை பார்ப்பவன்; படகு உடைந்து கரையொதுங்கியவன்; தன்னால்தான் மனைவி இறந்தாள் என்ற குற்றவுணர்வைச் சுமந்து திரிபவன். அவனைத் தேற்றும் சுசீலா, கணவனை மலையேற்ற விபத்தில் பறிகொடுத்தவள். இவ்வளவு சரக்கையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரிய எழுத்தாளர் நம்மை அலுப்பூட்டுகிறார் என்றால், காரணத்தை வேறெங்கோதான் தேட வேண்டும்.

ஒரே பட்டறையில் செய்தவை

'பிரேவ் நியூ வேர்ல்ட்' 1932-ல் வந்தது, 'ஐலேண்ட்' 1962-ல். நடுவில் முப்பது ஆண்டுகள், ஓர் உலகப்போர், ஹக்ஸ்லியின் அமெரிக்க வாசம், 1953-ல் அவர் மெஸ்கலின் என்ற மாயக்காட்சி தரும் பொருளை உட்கொண்டு பார்த்த அனுபவம். 1946-ல் முதல் நாவலின் மறுபதிப்புக்கு எழுதிய முன்னுரையில், அதை மறுபடி எழுதினால், ஆதிகுடிக் கிராமத்தில் வளர்ந்து நவீன உலகத்துக்கு வந்து சேரும் காட்டுமிராண்டி ஜானுக்கு மூன்றாவதாக ஒரு வழியையும் காட்டுவேன் என்றார். ஒரு பக்கம் பைத்தியக்கார நவீனம், மறுபக்கம் ஆதிகுடிக் கிராமத்தின் குரூரம் என்று இரண்டே வழிகளை விட்டுவைத்தது கலைக்குறை என்று அவருக்கே பட்டிருக்கிறது. அந்த மூன்றாவது வழிதான் பாலா. ஆக, இரண்டாவது நாவல் முதலாவதற்கு அவரே எழுதிக்கொண்ட திருத்தம்.

அப்படியென்றால் இரண்டு உலகங்களும் எதிரெதிராக இருக்க வேண்டும் அல்லவா? அடுத்தடுத்துப் படிக்கும்போது பளிச்சென்று தெரிவது அவற்றின் உறவுச் சாயல்தான். அங்கே கவலையை மறக்கடிக்கும் சோமா மாத்திரை, இங்கே காளானிலிருந்து எடுத்த மோட்ச மருந்து. அங்கே பெண்கள் கருத்தடைச் சாதனங்களை இடுப்பு வாரில் செருகிக்கொண்டு திரிகிறார்கள், இங்கே தபால்காரர் மாதா மாதம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார். அங்கே தாய் என்ற சொல்லே ஆபாசம். இங்கே தாய் தந்தை உண்டு, ஆனால் பதினைந்து இருபது தம்பதிகள் சேர்ந்து ஒருவரையொருவர் தத்தெடுத்துக்கொள்கிறார்கள். பெற்றோர் பிடிக்காத நாட்களில் பிள்ளை வேறு வீட்டுக்குப் போய்விடலாம். அங்கே குழந்தைகளைத் தரம் பிரித்துத் தயாரிக்கிறார்கள். இங்கே உறைநிலையில் சேமித்த உயிரணுக்களைக் கொண்டு வம்சத்தை மெல்ல மெல்ல மேம்படுத்துகிறார்கள். பிற்காலத்தில் குற்றவாளியாகக்கூடிய பிள்ளைகளைச் சிறு வயதிலேயே பரிசோதித்துக் கண்டுபிடித்து, சிலருக்கு மாத்திரையும் கொடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட பாவ்லவ் விவகாரம் (ஒன்றோடு இன்னொன்றைத் திரும்பத் திரும்பச் சேர்த்துக் காட்டி உயிர்களைப் பழக்கலாம் என்று காட்டிய ரஷ்ய விஞ்ஞானி அவர்). முதல் நாவலின் இரண்டாம் அத்தியாயத்தை ஒருமுறை படித்தவர் மறக்க மாட்டார். எட்டு மாதக் குழந்தைகள் வண்ணப் படப் புத்தகங்களையும் ரோஜாக்களையும் நோக்கி ஆசையாகத் தவழ்ந்து போகின்றன. தொட்டதும் சைரன் அலறுகிறது, தரையில் மின்சாரம் பாய்கிறது. இனி அந்தக் குழந்தைகள் ஆயுளுக்கும் புத்தகத்தைத் தொடாது. பாலாவில் தாய் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அதைத் தடவிக்கொடுக்கிறாள். அந்த நேரத்திலேயே இன்னொரு மனிதரையோ பிராணியையோ அதன் உடம்போடு சேர்த்துப் பிடித்து 'நல்லது, நல்லது' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாலின் சுகமும் தொடுகையின் சுகமும் அந்த அந்நிய உயிரோடு ஒட்டிக்கொள்கின்றன. இது சுத்தமான பாவ்லவ் அல்லவா என்று வில் ஃபார்னபி சரியாகவே கேட்கிறான். ஆமாம், ஆனால் நல்ல காரியத்துக்காக மட்டும் என்று பதில் வருகிறது. அவனும் அதை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறான்.

என் நண்பர் இந்த இடத்தில் குறுக்கிடுவார். மின்சாரம் பாய்ச்சுவதும் தாய் தடவிக்கொடுப்பதும் ஒன்றா? ஒன்றில்லை, ஒப்புக்கொள்கிறேன். ரோஜாவைக் கண்டு அலறும் குழந்தையைவிட நாயைக் கண்டு சிரிக்கும் குழந்தை எத்தனையோ மேல். சோமா ஆளை மழுங்கடிக்கிறது, மோட்ச மருந்து விழிக்கவைக்கிறது என்ற வேறுபாட்டையும் ஹக்ஸ்லிக்கு விட்டுக்கொடுக்கலாம். எனக்கு உறுத்துவது 'நல்ல காரியத்துக்காக மட்டும்' என்ற அந்த வாக்குறுதி. முதல் நாவலில் மனிதர்களைப் போத்தலில் வளர்க்கும் லண்டன் குஞ்சுபொரிப்பகத்தின் இயக்குநரும் இதைத்தானே சொல்கிறார்? அவர் ஒன்றும் கொடியவர் அல்ல. மாணவர்களுக்குப் பெருமையோடு சுற்றிக்காட்டுகிறார், எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கவே இந்த ஏற்பாடு என்று மனதார நம்புகிறார். முதல் நாவலில் அந்த நம்பிக்கையைக் கேட்டு நமக்கு முதுகு சில்லிடுகிறது. இரண்டாம் நாவலில் அதே நம்பிக்கைக்கு நாம் தலையாட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் என்னைச் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தவரே இப்போது வந்து, இந்த ஒருமுறை மட்டும் நம்பு என்கிறார்.

எதிர்க்கட்சி இல்லாத தீவு

முதல் நாவலை நான் திரும்பத் திரும்பப் படிப்பது ஜானுக்காக அல்ல. உண்மையில் ஜான் கொஞ்சம் கத்தல் பேர்வழி. தன்மேல் ஆசைப்படும் லெனினாவை அவன் நடத்தும் விதம் பக்கத்துக்குப் பக்கம் எரிச்சலூட்டும். லெனினாவையும் ஹக்ஸ்லி முழு ஆளாக எழுதவில்லை. நான் படிப்பது முஸ்தபா மாண்டுக்காக. உலகக் கட்டுப்பாட்டாளர்களில் ஒருவர். தான் தடைசெய்த பைபிளைத் தன் இரும்புப் பெட்டியிலேயே பூட்டி வைத்திருப்பவர், ஷேக்ஸ்பியரை மனப்பாடமாகச் சொல்பவர். இளமையில் நல்ல இயற்பியலாளராக இருந்து, ஆராய்ச்சி கைமீறிப் போனபோது தீவுக்குப் போகிறாயா ஆட்சிக்கு வருகிறாயா என்று கேட்கப்பட்டு, விஞ்ஞானத்தைக் கைவிட்டு ஆட்சியைத் தேர்ந்தெடுத்தவர். எதை விலையாகக் கொடுத்தோம் என்று அவருக்குக் காசு காசாகத் தெரியும். அறிவாளிகளை மட்டுமே வைத்து ஒரு சமூகம் நடத்திப் பார்த்தால் என்ன என்று ஜான் கேட்பதற்கு முன்பே அவரிடம் சைப்ரஸ் கதை தயாராக இருக்கிறது. 22,000 ஆல்ஃபாக்களை, அதாவது மிக உயர்ந்த தரத்து அறிவாளிகளை, தனியே ஒரு தீவில் குடியேற்றினார்கள். கீழ் வேலை செய்ய ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஆறே ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் மூண்டது. 19,000 பேர் செத்த பிறகு மிஞ்சியவர்கள் வந்து, எங்களை நீங்களே ஆளுங்கள் என்று மனுக் கொடுத்தார்கள்.

ஹக்ஸ்லி வெறுக்கும் உலகத்தின் சார்பாக இவ்வளவு வலுவான வக்கீலை ஹக்ஸ்லியே நியமித்திருக்கிறார். அதனால்தான் துன்பப்படும் உரிமையைக் கேட்கிறேன் என்று ஜான் சொல்லும் இடம் வெறும் வசனமாக நிற்கவில்லை. அந்த உரிமைக்குள் என்னென்ன அடங்கும் என்று மாண்ட் பட்டியல் போடுகிறார்: மூப்பு, அவலட்சணம், புற்றுநோய், பசி, பேன், டைஃபாய்டு, சொல்லவொண்ணாச் சித்திரவதை. நீண்ட மௌனத்துக்குப் பிறகு, அத்தனையும் எனக்கு வேண்டும் என்கிறான் ஜான். தாராளமாக எடுத்துக்கொள் என்று தோளைக் குலுக்குகிறார் மாண்ட். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும், ஒரு வரிக்கு ஜான் பக்கமும் அடுத்த வரிக்கு மாண்ட் பக்கமும் என் மனம் தாவிக்கொண்டே இருக்கிறது. பேன் வேண்டும் என்று யாராவது கேட்பார்களா? ஆனாலும் கேட்கத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது.

பாலாவில் ஒரு மாண்ட் இல்லை. ஒரு ஜானும் இல்லை. பாலாவை விமர்சிப்பவர்கள் யார் யார் என்று பாருங்கள். மோட்டார் ஸ்கூட்டர் ஆசையில் அமெரிக்கக் கடை ஒன்றின் பொருள் பட்டியலை வேதப் புத்தகம்போலப் புரட்டும் முருகன். தன்னைத் தேவதூதர்களின் தொண்டர் என்று எண்ணிக்கொள்ளும் ராணி, அவனுடைய தாய். துப்பாக்கி பிடித்த டிபா. ஒருவன் விடலை, ஒருத்தி கிறுக்கு, ஒருவன் கொலைகாரன். அறிவும் நேர்மையும் உள்ள ஒரு பாலாக்காரர், நம் ஏற்பாட்டில் இது எனக்குப் பிடிக்கவில்லை என்று கடைசிப் பக்கம்வரை சொல்வதே இல்லை. வில் ஃபார்னபியை நம்பி இருந்தேன். 'ஆம்' என்ற பதிலை ஏற்காத ஆள் என்று தன்னைத் தானே அழைத்துக்கொள்பவன் ஆயிற்றே, ஓரிடத்திலாவது மல்லுக்கு நிற்பான் என்று பார்த்தேன். அவன் கேலி செய்கிறான். அந்தக் கேலி அடுத்த இரண்டு பக்க விளக்கத்துக்கு எடுத்துக்கொடுக்கும் அடியாக முடிகிறது. பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்காட்டுகிறார்கள், மருத்துவமனையைச் சுற்றிக்காட்டுகிறார்கள், வயலைச் சுற்றிக்காட்டுகிறார்கள். புதுவீட்டுக்காரர் விருந்தாளியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து காட்டுவதுபோல. கடைசியில் எதிர்வாதம் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டத்தில் ரெண்டாங்கின் படை வருகிறது. ராணுவ வண்டிகள் வாதம் செய்வதில்லை. பாலா தோற்கிறது, ஆனால் ஒருமுறைகூட அதைக் கேள்வி கேட்டவர் இல்லை.

இதற்கு உச்சம் அந்தப் பொம்மலாட்டம். பாலாவின் பிள்ளைகளுக்கு ஈடிபஸ் கதையைப் பொம்மலாட்டமாகக் காட்டுகிறார்கள். தகப்பனைக் கொன்றதும் தாயை மணந்ததும் தெரியவந்து ஜொகாஸ்டா தூக்குப் போட்டுக்கொள்ளவும் ஈடிபஸ் கண்ணைக் குத்திக்கொள்ளவும் போகும் நேரத்தில், பாலாவிலிருந்து ஒரு பையனும் பெண்ணும் வந்து சேர்கிறார்கள். அசட்டுத்தனம் பண்ணாதீர்கள், உங்களுக்குத் தெரியாமல்தானே நடந்தது என்று புத்தி சொல்கிறார்கள். எல்லாம் சுபம். 'துன்பியல் நாடகம் வேண்டுமென்றால் சமூகத்தில் கொந்தளிப்பு வேண்டும், இப்போது யாராலும் ஒத்தெல்லோ எழுத முடியாது' என்று மாண்ட் சொன்னபோது அது ஓர் இழப்பின் கணக்காக ஒலித்தது. பாலாவில் அதே நிலைமை ஒரு சாதனை. எதையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் இருமை நோக்கு இல்லாமல் நல்ல இலக்கியம் பிறப்பது கடினம், அது இருந்தால் நல்ல வாழ்க்கை அமையாது என்று பாலாவின் பழைய ராஜா எழுதியே வைத்துவிட்டார். ஒரு நாவலாசிரியர் தன் கடைசி நாவலில் இப்படி எழுதுகிறார் என்பதைப் பாராட்டுவதா, பரிதாபப்படுவதா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஈடிபஸைக் காப்பாற்றிவிட்டார்கள், சரி. அந்த நாடகத்தை எழுதிய கிரேக்கர் சோஃபக்ளீஸை யார் காப்பாற்றுவது?

இரண்டு மரணப் படுக்கைகள்

இதையெல்லாம் நண்பரிடம் சொல்லி முடித்தபோது அவர் மறுப்புச் சொல்லவில்லை. "லட்சுமி சாகும் பகுதியை மட்டும் இன்னொரு முறை படியுங்கள், லிண்டா சாகும் பகுதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்" என்றார். படித்தேன். இந்த வழக்கில் எனக்கு நிஜமாகவே தடுமாற்றம் வந்தது அங்கேதான்.

லிண்டா, ஜானின் தாய். பார்க் லேன் மரண மருத்துவமனையில் படுத்திருக்கிறாள். கட்டிலின் காலடியில் தொலைக்காட்சி ஓயாமல் ஓடுகிறது, அறையில் வாசனை மாறி மாறி வீசுகிறது, சோமாவில் அவள் எங்கோ மிதக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து அழும் மகனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை; பழைய காதலன் போப்பே என்று நினைத்துச் சிரிக்கிறாள். மரணத்துக்குப் பழக்கப்படுத்துவதற்காக அழைத்துவரப்பட்ட இரட்டையர் சிறுவர்கள் கட்டிலைச் சூழ்ந்துகொண்டு, இவள் ஏன் இவ்வளவு குண்டாக இருக்கிறாள் என்று வேடிக்கை பார்க்கிறார்கள். ஜான் அவளைப் பிடித்து உலுக்குகிறான், அவள் மூச்சு நின்றுபோகிறது. அவன் முழங்காலிட்டு விம்மும்போது தாதிக்கு ஒரே ஒரு கவலைதான்: இந்த அழுகையைப் பார்த்தால் பிள்ளைகளின் பழக்கம் கெட்டுவிடுமே! உடனே அவர்களுக்குச் சாக்லேட் பண்டம் கொடுத்துத் திசைதிருப்புகிறாள். அபாரமான அத்தியாயம். ஆனால் இந்த முறை படித்தபோது ஒன்று கவனத்துக்கு வந்தது. அங்கே லிண்டாவைப் பற்றி ஹக்ஸ்லிக்கு அக்கறை இல்லை. அவளுடைய சாவு ஒரு குற்றச்சாட்டுக்கான சான்று. ஜானின் துயரத்தில் நாம் பங்குகொள்கிறோம். அவளுடைய சாவில் யாரும் பங்குகொள்ளவில்லை, எழுதியவரையும் சேர்த்து.

லட்சுமி, டாக்டர் ராபர்ட்டின் மனைவி, சுசீலாவின் மாமியார். புற்றுநோய். அவளுக்கு மயக்கம் வேண்டாம், விழிப்போடு போக வேண்டும். கணவர் அருகில் இருக்கிறார். சுசீலா மெல்லிய குரலில் பேசிக்கொண்டே இருக்கிறாள், பிடியை விடுங்கள், போங்கள் என்று. இருட்டாக இருக்கிறது என்கிறாள் லட்சுமி. நீங்கள் மிகவும் முயற்சி செய்கிறீர்கள், அதனால்தான் இருட்டு; நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நீங்கள் எனக்குச் சொன்னது நினைவிருக்கிறதா, எதையும் இலேசாகச் செய்யப் பழகு என்பீர்களே என்கிறாள் சுசீலா. அந்தப் பெண்மணி கொடுத்த சொல்லை அவருடைய கடைசி நேரத்தில் அவருக்கே திருப்பிக் கொடுக்கிறாள். வில் ஃபார்னபிக்குத் தன் அத்தை மேரி இதே நோயில் துடித்துச் செத்தது நினைவில் இருக்கிறது. அவனுடைய கசப்பெல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது. இந்த அறையில் அவனுடைய கேலி எடுபடவில்லை. இவை வெறும் கற்பனையில் வந்த பக்கங்கள் அல்ல. ஹக்ஸ்லியின் முதல் மனைவி மரியா 1955 பிப்ரவரியில் புற்றுநோயால் இறந்தபோது, அவர் படுக்கையருகே அமர்ந்து ஏறக்குறைய இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். 1963 நவம்பர் 22 அன்று அவருக்கே அந்த நேரம் வந்தபோது, இரண்டாம் மனைவி லாரா அவர் எழுதிக் கேட்டபடி எல்எஸ்டி என்ற மாயக்காட்சி தரும் மருந்தை ஊசி போட்டு, பக்கத்திலிருந்து அதே பாணியில் பேசி வழியனுப்பினார். அன்றைய உலகம் கென்னடி சுடப்பட்ட செய்தியில் மூழ்கியிருந்தது.

லட்சுமியின் அத்தியாயம் ஹக்ஸ்லி எழுதிய மிகச் சிறந்த பக்கங்களில் ஒன்று. லிண்டாவின் சாவைவிட மேலானது. ஏன் இது மட்டும் இப்படி உயிரோடு இருக்கிறது? நான் கண்டுகொண்ட காரணம் இது: அந்த நாவலில் பாலாவுக்கு நிகரான எதிராளி வரும் ஒரே இடம் இதுதான். புற்றுநோயை விடலை என்றோ கிறுக்கு என்றோ ஒதுக்க முடியாது. பாலாவின் தியானமும் மருத்துவமும் அறிவுரையும் அந்த அறைக்குள் போய்க் கையைப் பிசைகின்றன. ஏதோ கொஞ்சம் செய்ய முடிகிறது, மிச்சத்தைச் செய்ய முடியவில்லை. சுசீலாவுக்குக் கணவனின் நினைவு வேறு. அவளே முழுதாகத் தேறாதவள், இன்னொருத்தியைத் தேற்றுகிறாள். பாலாவின் கொள்கைகள் அங்கே விலை கொடுக்கின்றன. மாண்டின் அறையில் நடந்ததும் அதுதானே. நண்பரைத் தாங்கிப் பிடித்தது எந்தப் பக்கங்கள் என்று நான் கேட்டதில்லை, இனிக் கேட்க வேண்டியதும் இல்லை.

இதனால் 'ஐலேண்ட்' எனக்குப் பிடித்துவிட்டதா என்றால், இல்லை. ஓர் அத்தியாயம் வாழ்கிறது, மீதி வகுப்பெடுக்கிறது. சொல்லப்போனால் கோபம் கொஞ்சம் கூடிவிட்டது. இப்படி எழுத முடிந்தவர் ஏன் மற்ற பக்கங்களில் அந்தத் தைரியத்தைக் காட்டவில்லை?

மாண்ட் அனுப்பிவைக்கும் தீவுகள்

நல்லுலகத்தை எழுதினால் இப்படித்தான் ஆகும் என்று ஹக்ஸ்லிக்குச் சமாதானம் சொல்லவும் வழியில்லை. 1974-ல் அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 'தி டிஸ்பொசெஸ்ட்' என்ற நாவலை எழுதினார். அனாரெஸ் என்ற வறண்ட நிலவில் அரசும் இல்லை, சொத்தும் இல்லை, சிறையும் இல்லை. அங்கே வாழத்தான் லெ குவினுக்கு ஆசை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆனாலும் ஷெவெக் என்ற இயற்பியலாளன் தன் வேலையைச் செய்ய முடியாமல் அங்கேதான் திணறுகிறான். அதிகாரமே இல்லாத ஊரில் மூத்த விஞ்ஞானி ஒருவரின் பொறாமையும் அக்கம்பக்கத்தாரின் முகச்சுளிப்பும் அதிகாரத்தின் வேலையைப் பார்த்துவிடுகின்றன. அவனுடைய நண்பன் டிரின் ஒரு கேலி நாடகம் எழுதுகிறான். யாரும் தடை செய்யவில்லை. கண்டிக்க மட்டும் செய்கிறார்கள். படிப்படியாக அவன் உடைந்து, செக்வினா என்ற தீவில் இருக்கும் மனநலக் காப்பகத்தில் போய் முடிகிறான். தன் சொர்க்கத்தின் மேல் தானே வழக்குத் தொடுக்க லெ குவினுக்கு மனம் இருந்தது. அந்த ஊரில் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு, ஆனாலும் பாலாவைவிட அங்கே இருந்துவிட்டு வரலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தீவு என்றதும் இன்னொன்று. 'பிரேவ் நியூ வேர்ல்ட்' உலகத்தில் ஒத்துப்போகாதவர்களைக் கொல்வதில்லை, தீவுகளுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அது தண்டனை அல்ல, பரிசு என்கிறார் மாண்ட். உலகத்தின் மிகச் சுவாரசியமான ஆண்களும் பெண்களும் அங்கேதான் கூடியிருக்கிறார்கள் என்று கொஞ்சம் பொறாமையோடே சொல்கிறார். நாவல் நம்மை அங்கே கூட்டிப்போவதில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து 'ஐலேண்ட்' என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆசை அதுதான்: ஒருவேளை இப்போது அந்தச் சண்டைக்காரர்களின் தீவுக்குப் போகப்போகிறோமோ? போய்ச் சேர்ந்ததோ எல்லோரும் ஒத்துப்போகிற தீவுக்கு. முதல் நாவலின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வாட்சனை நினைத்துக்கொள்கிறேன். பிரசாரப் பாட்டு எழுதிச் சலித்து, கொஞ்சம் ஆவேசமாக ஏதாவது எழுத வேண்டும் என்று தவித்தவன். எந்தத் தீவு வேண்டும் என்று மாண்ட் கேட்டபோது, காற்றும் புயலும் நிறைந்த மோசமான தட்பவெப்பம் இருந்தால் நன்றாக எழுதலாம் என்றான்; மாண்ட் சொன்ன ஃபாக்லாந்துக்குச் சம்மதித்தான். அவன் பாலாவில் வந்து இறங்கியிருந்தால் யாரும் அவனைத் துரத்தியிருக்க மாட்டார்கள். குடிக்கப் பழச்சாறு கொடுத்து, மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, அடுத்த பொம்மலாட்டத்துக்கு வசனம் எழுதித் தரச் சொல்லியிருப்பார்கள்.